ஆறினால் ஓடும் வண்டி: எலெக்ட்ரானிக் இக்னிஷனின் சூடான சரித்திரம்

போன சீசனுக்கு மாமாவின் அம்பாசடரில் திருவேங்கடத்தில் இருந்து குற்றாலம் கிளம்பினோம். சங்கரன்கோவில் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, ஸ்பார்க் மட்டும் வரவில்லை. அரை மணி நேரம் புளியமரத்தடியில் நின்றோம். பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நின்றது. எப்படியோ குளித்துவிட்டு ஊர் திரும்பி மெக்கானிக் அண்ணாச்சியிடம் காட்டினால், அவர் முன்னால் மட்டும் சமர்த்தாக ஓடுகிறது! "வண்டியில ஒண்ணும் இல்லையே தம்பி" என்றார்.

சில வருடங்களுக்கு முன் மாமா பழைய பாயிண்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டிருந்தார். டிக்கியில் கிடந்த அந்தப் பாயிண்ட் செட்டை அண்ணாச்சி திரும்ப மாட்டினார். வியாதி போய்விட்டது. நான் படிப்பது பி.காம்., மெக்கானிக்கல் அல்ல. ஆனாலும் விடாமல் தேடிப் படித்தேன். இதே வியாதி அமெரிக்காவில் கோர்ட் வரை போயிருக்கிறது!

முதலில் பாயிண்ட் கதை. பெட்ரோல் எஞ்சினுக்குப் பொறி வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அதற்குக் காயிலில் ஓடும் கரண்ட்டைச் சரியான நேரத்தில் துண்டிக்க வேண்டும். துண்டிக்கும் சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் உருவாக்கிய இந்த முறையைக் கேடிலாக் கம்பெனி 1910 மாடலில் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகத்துக் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடின. 2014 வரை உத்தர்பாராவில் தயாரான நம் அம்பாசடரும் பல காலம் பாயிண்டை நம்பித்தான் ஓடியது.

பாயிண்டின் குறை, அது தீய்ந்து தேயும். அம்பாசடரில் அதன் இடைவெளி சுமார் 0.015 அங்குலம், அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அது மாறினால் பொறி விழும் நேரமும் மாறும், பெட்ரோல் வீணாகும், புகை கூடும். அதன் நல்ல குணம், உப்புத்தாளால் தேய்த்து டிரைவரே சரி செய்துவிடலாம்.

1947-ல் டிரான்சிஸ்டர் வந்தது. தேயாத சுவிட்ச்! 1963-ல் போன்டியாக் கார்களில் பாயிண்ட் இல்லாத இக்னிஷனை விருப்பமிருந்தால் வாங்கலாம் என்று கொடுத்தார்கள். அப்போது பெரிதாக எடுபடவில்லை. 1970-ல் அமெரிக்காவில் காற்று மாசுச் சட்டம் கடுமையானதும் நிலைமை மாறியது. கிரைஸ்லர் 1973-லும், ஜெனரல் மோட்டார்ஸ் 1975-லும் தங்கள் கார்கள் எல்லாவற்றிலும் எலெக்ட்ரானிக்குக்கு மாறின.

தேய்மானப் பிரச்சினை தீர்ந்தது. சூட்டுப் பிரச்சினை ஆரம்பித்தது. எலெக்ட்ரானிக் பாகங்களுக்குச் சூடு ஆகாது, ஆனால் அவற்றை வைத்த இடமோ எஞ்சின் பக்கத்தில். 1971-ல் ஜாகுவாரின் 12 சிலிண்டர் எஞ்சினில் லூக்காஸின் 'ஓபஸ்' இக்னிஷன் வந்தது. அதன் பெட்டியை எஞ்சினின் இரண்டு வரிசைகளுக்கு நடுப்பள்ளத்தில், கிட்டத்தட்ட அடுப்பின் மேலேயே வைத்தார்கள். அது அடிக்கடி செத்துப்போனது. பிறகுதான் ரேடியேட்டர் பக்கம் தள்ளி வைத்தார்கள்.

ஃபோர்டு கதை இன்னும் பெரியது. 1983 முதல் 1995 வரையிலான பல மாடல்களில் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே ஒட்டி வைத்தார்கள். ஓடும்போது சூடாகி வண்டி நிற்கும், ஆறியதும் ஸ்டார்ட் ஆகும். வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனால் "ஒன்றும் இல்லையே" என்பார்கள். அப்படியே எங்கள் கதை! அரசின் பாதுகாப்புத் துறை பல முறை விசாரித்தும் குறை என்று முடிவு கட்டவில்லை. கடைசியில் கலிபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2000-ல் நீதிபதி மைக்கேல் பாலச்சி, சூட்டில் பழுதாவது தெரிந்தும் ஃபோர்டு மறைத்தது என்று சொல்லி, அந்த மாநிலத்தில் சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். ஃபோர்டு மறுத்தது. 2001-ல் சமரசம் ஏற்பட்டு, மாட்யூல் மாற்றியவர்களுக்குச் செலவைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

யோசித்துப் பாருங்கள். பாயிண்ட் தேய்ந்தால் தேய்ந்தது கண்ணுக்குத் தெரியும். மாட்யூல் ஆறினால் சாட்சியே மறைந்துவிடும். வண்டி ஓட்டியவர் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். உண்மை தயாரித்தவரின் ஃபைலில்தான் இருக்கும். எங்கள் அக்கவுண்டன்சி பாஷையில் சொன்னால், பாயிண்டுக்கு வருடாவருடம் தேய்மானம் எழுதலாம். மாட்யூல் இன்று முழு மதிப்பு, நாளை பூஜ்யம்.

இன்று அந்தக் கார்கள் எல்லாம் 'கிளாசிக்' ஆகிவிட்டன. ஃபோர்டு பிரியர்கள் மாட்யூலைக் கழற்றி, அலுமினியத் தகட்டில் பொருத்தி, எஞ்சினை விட்டுத் தள்ளி வைக்கிறார்கள். ஃபோர்டே பிற்காலத்தில் சில மாடல்களில் அப்படிச் செய்தது. 1980-களின் ஜாகுவார்க்காரர்கள் பழைய லூக்காஸ் பெட்டியைத் திறந்து, உள்ளே விலை குறைந்த ஜெனரல் மோட்டார்ஸ் மாட்யூலை வைத்து மூடுகிறார்கள். "அப்போ அது ஒரிஜினல் இல்லையே" என்று கேட்கலாம். லூக்காஸ் அந்தப் பெட்டிக்குள் முதலில் வைத்ததும் ஜெனரல் மோட்டார்ஸ் வகை மாட்யூல்தான் :-)

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். கிட்டைத் தூக்கிப் போடவில்லை அவர். "அதுல மைலேஜ் நல்லா இருந்துச்சுல்லா" என்று வேறு ஒன்று வாங்கி மாட்டச் சொல்லிவிட்டார். ஆனால் பாயிண்ட் செட், கண்டென்சர், ஒரு துண்டு உப்புத்தாள் மூன்றையும் துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறார். அடுத்த சாரலுக்கு அந்தப் பொட்டலத்தோடுதான் குற்றாலம் போகிறோம்.