மணலில் கிடைத்த சிவப்பு

தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணிப் பக்கம் கடற்கரையை நோக்கி நடப்போர் காலில் மிதிபடுவன மணலும் சிப்பித் துண்டுகளுமே. முத்துக்குளித்துறையின் வரலாற்றை எழுதுவோர் முத்தையும் சங்கையும் பேசுவர். இக்கரைகளின் மணலுக்கடியிலிருந்து எடுக்கப்பட்ட மற்றொரு செல்வத்தைப் பேசுவோர் அரியர். சாயவேரையே குறிப்பிடுகிறோம்.

சித்த வைத்தியர் இதனை இம்பூறல் என்பர். தரையோடு கிடக்கும் சிறு பூண்டு, பூ வெள்ளை. வேரோ மெலிந்து நீண்டு மணலுள் ஆழ இறங்கும். சிவப்பு அதன் பட்டையில் இருக்கிறது. இதைப் பயிரிட்டதும் உண்டு. எனினும் தானே முளைத்த பூண்டின் வேருக்கே சாயக்காரர் அதிக மதிப்பளித்தனர். ஏழை மக்கள் அதைத் தோண்டிக் காயவைத்துக் கட்டாக்கித் தந்தனர்.

துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைப்பர். படிகார நீரால் கோலமிட்டு, இடித்த வேரோடு கொதிக்கவைப்பர். படிகாரம் தொட்ட இடத்தில் மட்டுமே சிவப்பு பற்றும். பிற இடங்களில் ஏறிய கறையைச் சாணநீரும் வெயிலும் போக்கும். நீரிலும் நிலத்திலும் உள்ள சுண்ணாம்புச் சத்தே சிவப்புக்கு ஒளி தருவது என்று வேதியியலார் பின்னர் விளக்கினர். கூர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இம்முறைகளைச் சாயக்காரரிடம் கேட்டறிந்து 1742இல் தம் நாட்டுக்கு விரிவாக எழுதி அனுப்பினார். கைத்தொழிலின் இரகசியம் கப்பலேறியது இப்படித்தான்!

1658இல் தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் டச்சுக்காரர் கைப்பற்றினர். இலங்கைக் கரையில் வேர் தோண்டும் உரிமையைத் தம் கையில் வைத்துக்கொண்டனர். தோண்டியவன் கம்பெனிக்கே வேரைக் கொடுக்க வேண்டும். விலையும் அவன் சொல்வதன்று.

காயல்பட்டினத்து, கீழக்கரை மரைக்காயர்கள் சோழமண்டலத் துணிகளை மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் கொண்டுசென்றதை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். மலாய் மக்கள் கைலியை இன்றும் 'பெலிகாட்' என்பது பழவேற்காட்டின் பெயரால்தான். ஆனால் நம் எழுத்து மரக்கல உரிமையாளர் பெயரோடு நின்றுவிடுகிறது. துணிக்குச் சிவப்பேற்றியவனும் வேருக்காகக் குனிந்து மணலைக் கிளறியவளும் நம் ஏடுகளில் இடம்பெறவில்லை. இது நம் குறைதான்.

1868இல் கிரேப, லீபர்மான் என்ற இரு ஜெர்மானியர் இதே சிவப்பின் மூலப்பொருளான அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து செய்து காட்டினர். ஆலைச் சாயம் மலிவாக வந்திறங்கியது. வேருக்கு வாங்குவோர் அருகினர்.

இயற்கைச் சாயம் ஏற்றிய துணி இன்று மீண்டும் நல்ல விலைக்குப் போகிறது. நாட்டுமருந்துக் கடையில் இம்பூறலும் கிடைக்கிறது. அதை இருமலுக்காகப் பொட்டலம் கட்டி வாங்கிச் செல்பவர், பாட்டனார் காலத்துச் சிவப்புத் துணி பெட்டியடியில் இருந்தால், அதனருகே ஒருமுறை வைத்துப் பார்க்கலாம்.