மதில் தாழ்ந்தது ஏன்?

வானளாவிய மதில், வட்டக் கோபுரம், சுற்றிலும் அகழி: இடைக்கால ஐரோப்பியக் கோட்டை என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி இதுவே. அம்புக்கும் ஏணிக்கும் உயரமே தக்க காப்பு. நம் செஞ்சியில் குன்றுகளே அவ்வுயரத்தைத் தந்தன.

வெடிமருந்து இக்கணக்கை மாற்றியது. 1453-இல் கான்ஸ்டாண்டிநோபிளின் தொன்மையான மதில்களைத் துருக்கியரின் பீரங்கிகள் தகர்த்தன. உயர்ந்த மதில் பீரங்கிக்கு எளிய இலக்கு; அடிப்பகுதி சிதைந்தால் மேற்பகுதி தன் எடையாலேயே சரிந்துவிடும்.

இத்தாலியப் பொறியாளர்கள் இதற்கு விடை கண்டனர். மதிலைத் தாழ்த்தி, அகலமாக்கி, உட்புறம் மண்ணால் நிரப்பினர். விரைந்துவரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுக்கிறோம் அல்லவா? பந்து நிற்பதற்கான தொலைவு கூடினால், கையைத் தாக்கும் விசை குறைகிறது. குண்டைத் தன்னுள் புதையவிடும் மண்ணும் இதையே செய்கிறது. அடுத்த குறை, வட்டக் கோபுரத்தின் முகப்பை ஒட்டி நிற்பவனைப் பக்கத்துக் கோபுரத்திலிருந்து சுட இயலாது என்பது. ஆகவே மூலைகளில் அம்புமுனை போன்ற கொத்தளங்களை அமைத்தனர். ஒன்றின் பக்கங்களை மற்றொன்று காத்தது. பிரான்சின் வோபான் (1633–1707) இக்கலையைச் செம்மைப்படுத்தினார்.

அக்கலை புதுச்சேரிக்கும் வந்தது. 1693-இல் டச்சுக்காரரிடம் நகரை இழந்து, 1699-இல் திரும்பப் பெற்ற பிரான்சுவா மர்த்தேன், வோபானின் தூர்னே கோட்டையைப் பின்பற்றி, ஐந்து கொத்தளங்களுடன் லூயி கோட்டையை எழுப்பினார். 1706-இல் அது நிறைவுற்றது. 1748-இல் நகரை முற்றுகையிட்ட ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் தோற்றுத் திரும்பினார்.

1760-இல் வந்த அயர் கூட் வேறு வழியை நாடினார். நிலத்திலும் கடலிலும் நகரை வளைத்து, உணவு வரும் வழிகளை அடைத்தார். உள்ளிருந்த உணவைச் சேமிக்க, பிரெஞ்சுத் தளபதி லாலி உள்ளூர் மக்களை வெளியே துரத்தினார். ஆங்கிலப் படையோ அவர்களைக் கடந்துபோக விடவில்லை. இரு படைகளுக்கும் நடுவே அவர்கள் பல நாள் பட்டினியால் தவித்தனர். 1761 சனவரி முதல் நாள் வீசிய புயலில் ஆங்கிலக் கப்பல்கள் பல அழிந்தும் முற்றுகை தளரவில்லை. அம்மாத நடுவில் லாலி சரணடைந்தார். பீரங்கியைவிடப் பசியே வாயிலைத் திறந்தது. பின்னர் ஆங்கிலேயர் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினர்.

1763-இல் ஏற்பட்ட பாரிஸ் உடன்படிக்கையால் பிரான்சு நகரை மீண்டும் பெற்றது. 1765-இல் அதைச் சீரமைக்க வந்த ஆளுநர் லா தெ லோரிஸ்தோன். எங்கள் லாஸ்பேட்டை அவர் பெயரால் அமைந்தது என்பர். கோட்டை நின்ற பகுதியில் இன்று பாரதி பூங்கா இருக்கிறது.

விசையின் கணக்கைச் சரியாகப் போட்ட கோட்டை, களஞ்சியத்தின் கணக்கில் தோற்றது. அத்தோல்வியின் விலையை முதலில் கொடுத்தவர்கள், மதிலுக்கு வெளியே தள்ளப்பட்ட எளிய மக்களே.