அழற்சிக்கான நொதி, ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகள்: ஒரு வரலாறு

காயமோ கிருமித் தொற்றோ ஏற்பட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிப்பதை அழற்சி என்கிறோம். இது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. மூட்டுவாதம் போன்ற நோய்களில் அது தணியாமல் நீடிக்கும்போது தொல்லையாகிறது. அழற்சியைத் தணிப்பதற்காக இரண்டு வகைப் பொருள்கள் மாத்திரைகளாக விற்கப்படுகின்றன. ஒன்று, என்சைம் எனப்படும் நொதிகள். குறிப்பாகப் புரதத்தைச் சிதைப்பவை. மற்றொன்று, ஆன்டிஆக்சிடன்ட் எனப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள்.

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள மார்க்கையன்கோட்டை, முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் பேரூராட்சி. குனிந்து நாற்று நட்டும் களை எடுத்தும் முழங்கால் தேய்ந்த முதியவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. முதியோர் உதவித்தொகையில் ஒரு பகுதி மருந்துக் கடைக்கே போய்விடுகிறது. அவர்கள் வாங்கும் மாத்திரைகள் எங்கிருந்து வந்தன, அவை பலன் தருமா என்று யார், எப்படிச் சோதித்தார்கள் என்பதை இக்கட்டுரை சொல்கிறது.

பப்பாளிப் பால்

ஆட்டுக்கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். காயில் உள்ள பால் இறைச்சியின் புரதத்தைச் சிதைக்கிறது. 1879இல் பிரான்சில் வுர்ட்ஸ், பூஷே ஆகிய இருவர் இப்பாலில் உள்ள நொதிக்குப் பப்பேன் என்று பெயரிட்டனர். 1891இல் வெனிசுவேலாவின் வேதியியலாளர் விசென்டே மார்க்கானோ அன்னாசிப் பழத்தில் இதுபோன்ற நொதியைக் கண்டார். அது புரோமெலைன் எனப்படுகிறது. 1957இல் அன்னாசித் தண்டிலும் அது மிகுதியாக இருப்பது தெரிந்தபின், வீக்கத்துக்கான மாத்திரையாகக் கடைக்கு வந்தது.

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பப்பேன் எடுப்பதற்கு ஏற்ற கோ 2, கோ 5 போன்ற பப்பாளி ரகங்களை வெளியிட்டது. முற்றாத காயின் தோலில் காலை நேரத்தில் நெடுக்காகக் கீறி, வடியும் பாலைச் சேகரித்து உலர்த்துவார்கள். கையுறை இல்லாமல் பால் எடுப்பவர்களுக்குத் தோல் எரிச்சல் வரும். நொதி கறியின் புரதத்தையும் கையின் புரதத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இங்கே மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நொதியும் ஒரு புரதம்தான். நாம் உண்ணும் பருப்பின் புரதத்தை இரைப்பை சிதைப்பதுபோல, விழுங்கிய நொதியையும் சிதைக்காதா? இதனால்தான் பல நொதி மாத்திரைகளுக்கு இரைப்பை அமிலத்தில் கரையாத மேலுறை போடுகிறார்கள். அப்படியே குடலை அடைந்தாலும், அவ்வளவு பெரிய மூலக்கூறு போதிய அளவில் இரத்தத்தில் கலந்து முழங்காலுக்குப் போய்ச் சேருமா என்பது அடுத்த கேள்வி.

பட்டுப்புழுவின் குடலிலிருந்து

இந்தக் கேள்விக்குப் பாடமாக அமைவது செர்ராஷியோபெப்டிடேஸ் என்ற நொதியின் கதை. பட்டுப்புழுவின் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைப் பிரித்தெடுத்தனர். டகேடா நிறுவனம் 1968இல் டாசென் என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு இந்தியாவுக்கும் வந்தது. பல் பிடுங்கிய பின்னும், அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும், சுளுக்குக்கும் வலிநிவாரணியோடு சேர்த்து இது எழுதித் தரப்பட்டது.

பின்னர் ஜப்பானில் இந்த மருந்தை மறுபடியும் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு உண்மை மாத்திரையும், மற்றொரு பிரிவினருக்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிடுவது இம்முறை. இரண்டுக்கும் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. 2011இல் டகேடா நிறுவனம் தானே முன்வந்து டாசெனைத் திரும்பப் பெற்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விற்ற மருந்து அது. பிறந்த நாட்டில் அந்த விற்பனை நின்ற பின்னும், இந்திய மருந்துக் கடைகளில் இந்த நொதி சேர்ந்த மாத்திரைகள் விற்பனையில் தொடர்ந்தன.

சுளுக்கு பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே ஆறிவிடும். மாத்திரை சாப்பிட்ட பிறகு ஆறினால் பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. வெற்று மாத்திரையோடு ஒப்பிடும் முறை இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே வந்தது.

மஞ்சளும் மிளகும்

ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களில் நமக்கு நெருக்கமானது மஞ்சள். அதன் நிறப்பொருளான குர்குமினை 1815இல் வோகல், பெல்த்தியே ஆகியோர் பிரித்தெடுத்தனர். அதன் வேதி அமைப்பு 1910இல் தெரிந்தது. 1973இல் லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரீமல், தவன் இருவரும் குர்குமின் அழற்சியைத் தணிப்பதாகக் கட்டுரை வெளியிட்டனர். 

ஆனால் விழுங்கிய குர்குமின் இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பிப்பெரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடலில் சேரும் அளவு பல மடங்கு கூடியது. மஞ்சளும் மிளகும் தட்டிப்போட்ட பால் குடிப்பவர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி. இருந்தாலும் கணக்கைப் பார்க்க வேண்டும். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடு. 2 கிராம் குர்குமினுக்கு 65 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். பாலில் போடும் ஒரு சிட்டிகைக்கும் மாத்திரைக்கும் உள்ள தூரம் அவ்வளவு. அடர்த்தியான மாத்திரைக்கு அதற்கே உரிய தீமையும் உண்டு. இத்தாலியில் 2019இல் மஞ்சள் துணை உணவுகளைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டது பதிவாகியுள்ளது.

1995இல் காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் ஆய்வேடுகளையும் காட்டி எதிர்த்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. இந்த வெற்றியைப் பலர் மஞ்சள் மருந்தென்று நிரூபிக்கப்பட்டதாக நினைக்கிறார்கள். அங்கே நிறுவப்பட்டது, அது புதிய கண்டுபிடிப்பு இல்லை என்பது மட்டுமே. பழமை வேறு, பலன் வேறு.

பழமும் மாத்திரையும்

1956இல் டென்ஹாம் ஹார்மன், தனி உறுப்புகள் எனப்படும் வினைமிக்க மூலக்கூறுகள் செல்களைச் சேதப்படுத்துவதால் முதுமை வருகிறது என்ற கொள்கையை வெளியிட்டார். இவற்றை அடக்கும் பொருள்களே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். காய்கனி மிகுதியாக உண்பவர்களுக்குச் சில நோய்கள் குறைவு என்பதால், அதிலுள்ள சத்தை மாத்திரையாகக் கொடுத்தால் போதும் என்று எண்ணினார்கள்.

ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் இதைச் சோதித்தனர். 1994இல் வந்த முடிவு எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது. பீட்டா கரோட்டின் மாத்திரை பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைத் தோலிலும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் உண்டு. பழமாக உண்பதில் கிடைக்கும் நன்மையை, அதன் ஒரு பொருளை மட்டும் பிரித்து அடைத்த மாத்திரையும் தரும் என்று கொள்ள முடியாது.

இன்று கவனிக்க வேண்டியவை

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளின்படி, துணை உணவுகளின் மேலுறையில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சிட வேண்டும். சிறு எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும் இவ்வரியை வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துச் சொல்வது மாணவர்கள் எளிதில் செய்யக்கூடிய உதவி. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் பப்பேன், புரோமெலைன், குர்குமின் மாத்திரைகளைச் சேர்த்துக்கொண்டால் இரத்தக் கசிவு கூடும் வாய்ப்பு உண்டு. அவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் கூடாது. இது எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதில் தவறொன்றும் இல்லை. ஜப்பானில் நாற்பது ஆண்டுக்குப் பிறகு நடந்ததும் அதே கேள்விதான்.