வாலும் தலையெழுத்தும்

1930, 40களில் நியூயார்க்கில் குடியேறிய யூதக் குடும்பங்கள் பல, நீதிமன்றத்தில் மனுப்போட்டுக் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டன. பழைய பெயரைக் கேட்டாலே வேலையும் கல்லூரி இடமும் மறுக்கப்பட்டன.

தமிழர் பெயரில் ஆளைக் காட்டிக்கொடுத்தது சாதிப் பட்டம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்த சுயமரியாதை மாநாடு, அந்த வாலை விடச் சொன்னது. பெண்ணுக்குச் சமச் சொத்துரிமையும் கேட்டது. வாலைப் பலர் விட்டார்கள். சொத்துரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது. அதற்கு முன்பே மணமான மகள்களுக்கு அதிலும் இடமில்லை.

வால் போன பெயரில் மிஞ்சியது தலையெழுத்து. அது கல்யாணம்வரை அப்பாவுடையது, பிறகு கணவருடையது. விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு தாண்டி, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகும் பெண்ணுக்கு இது வெறும் எழுத்தல்ல. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, ஆதாரில் கணவரின் எழுத்து என்றிருந்தால், இரண்டும் தானே என்று வங்கியில் அவள்தான் நிரூபிக்க வேண்டும். பிழைப்புத் தேடி எல்லை தாண்டும் ஆணுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவன் எழுத்து கல்யாணத்தால் மாறுவதில்லை.

சாதிப் பட்டத்தை விட்டது, விட்டவர்களின் முடிவு. பெண்ணின் எழுத்தை மாற்றும்போது அவளை யாரும் கேட்பதில்லை. அம்மாவின் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்ள நம்மில் எத்தனை பேர் துணிந்திருக்கிறோம்?