நீச்சல்குளத்துக்கு விலக்கு, குடித்தனத்துக்கு அனுமதி

கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டு மனையில், இருக்கிற வீட்டோடு கூடுதலாகக் கட்டும் சிறு வீட்டை ஏடியூ என்கிறார்கள். நம் ஊரில் அவுட்ஹவுஸ் என்போமே, ஏறக்குறைய அதுதான். ஆனால் சமையலறை, கழிப்பறையோடு தனிக் குடித்தனத்துக்கு ஏற்றது. வசதியானவர்கள் வாழும் தெருவுக்குள் வாடகைக்காரர் ஒருவர் நுழைய இருக்கும் சின்ன வாசல் இது. கடலை நெருங்கும்போது அந்த வாசல் ஏன் குறுகுகிறது? கட்டட விதிகளை மட்டும் படித்தால் பதில் கிடைக்காது.

1912-இல் வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண், லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகே மன்ஹாட்டன் பீச்சில் 1,225 டாலருக்குக் கடலோர மனை ஒன்றை வாங்கினார். வேறு கடற்கரைகளில் விரட்டப்பட்ட கறுப்பின மக்கள் வந்து குளித்து, உண்டு, இளைப்பாறிப் போக அங்கே ஒரு விடுதி நடத்தினார். விடுதிக்கும் கடலுக்கும் இடையிலிருந்த நிலத்தின் சொந்தக்காரர் வழியை அடைத்தார். வந்தவர்கள் அரை மைல் சுற்றிப் போய்க் கடலில் இறங்கினார்கள். தண்ணீருக்குப் போகும் பாதையை மறிப்பது நமக்குப் புதிய செய்தியா என்ன? 1924-இல் நகராட்சி, பூங்கா அமைக்கப் போவதாகச் சொல்லி நிலத்தைக் கையகப்படுத்தத் தொடங்கியது. கேட்ட தொகையைவிட மிகக் குறைவாக 14,500 டாலர் கொடுத்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அந்த இடம் வெறுமனே கிடந்தது. 2022-இல் வாரிசுகளிடம் நிலம் திரும்பி வந்தது. ஆனால் அது பொதுப் பயன்பாட்டு நிலமாக வகைப்படுத்தப்பட்டிருந்ததால், நினைத்ததை உடனே கட்டிவிட முடியாது. மறு ஆண்டே ஏறத்தாழ 2 கோடி டாலருக்கு அதை மாவட்ட நிர்வாகத்துக்கே விற்றார்கள்.

இது வெளிப்படையான பறிப்பு. சத்தமில்லாமல் நடந்தது வேறொன்று. நிறத்தைச் சொல்லிக் குடியிருப்புகளைப் பிரிக்கும் நகராட்சிச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917-இல் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டே பெர்க்லி நகரம் இன்னொரு வழியைக் கண்டுபிடித்திருந்தது: ஒரு மனைக்கு ஒரு குடும்பம், ஒரு வீடு. விதியில் நிறம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. மனையும் தனி வீடும் வாங்க முடியாதவர் தானாக வெளியே நிற்பார். கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரங்களில் எழுதிவைத்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று 1948-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் ‘ஒரு மனை, ஒரு வீடு’ விதி ஊருக்கு ஊர் நிலைத்துவிட்டது. ஏடியூ சட்டம் உடைப்பது இந்த விதியைத்தான்.

2016-இலும் 2019-இலும் வந்த திருத்தங்கள் அதை வலுவாகவே உடைத்தன. 800 சதுர அடி வரையிலான துணைவீட்டை நகராட்சிகள் தட்டிக்கழிக்க முடியாது. 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 1976-ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டத்தை இது எந்த வகையிலும் குறைக்காது. துணைவீட்டுக்காகப் பொது விசாரணை நடத்தத் தேவையில்லை என்பது மட்டுமே அப்போது இருந்த விலக்கு. ஆக, பொதுவாகக் கடலிலிருந்து 1,000 கெஜம் உள்ளே வரை நீளும் கடலோர மண்டலத்தில், தனியாக எழுப்பும் துணைவீட்டுக்குக் கடற்கரை அனுமதியும் வேண்டும். இங்கேதான் நாம் நின்று படிக்க வேண்டிய வரி இருக்கிறது. ஏற்கெனவே உள்ள வீட்டின் மனையில் கார் ஷெட், நீச்சல்குளம், வேலி கட்டப் பொதுவாக விலக்கு உண்டு. குடித்தனம் நடத்தத்தக்க தனி வீட்டுக்கு அந்த விலக்கு இல்லை.

கடற்கரை ஆணையத்தைக் குற்றம் சொல்லிவிட்டு நகர்வது எளிது. அதை நாம் செய்யவில்லை. பாறைச்சரிவுகள் இடிவது உண்மை. அந்த மாநிலத்தில் கடற்கரை தனியார் வேலிக்குள் போகாமல் இருப்பதற்கு ஆணையமும் ஒரு காரணம். குடிவருபவர்களின் வண்டிகள் தெருவை நிறைத்தால், தொலைவிலிருந்து வரும் எளிய மக்கள் வண்டி நிறுத்த இடமின்றித் திரும்புவார்கள் என்று அது சொல்வதும் வெற்று வாதம் அல்ல. ஆனால் இதே வாதத்தை அந்தத் தெருவின் வீட்டுக்காரர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருநாள் வந்து போகும் ஏழையைக் காட்டி, குடியிருக்க வரும் ஏழையைத் தடுக்கிறார்கள்.

சட்டம் தொடக்கத்தில் அப்படி இல்லை. 1976-இல், குறைந்த வருமானக்காரர்களின் குடியிருப்பைக் கடலோரத்தில் பாதுகாக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு இருந்தது. 1981-இல் சட்டமன்றம் அதைப் பறித்தது. 2019-இல் ஆணையம் சுற்றுச்சூழல் நீதிக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. வீட்டுவசதி அதிகாரம் இன்னும் திரும்பவில்லை.