வெடிமருந்தும் விரிந்த கண்ணும்

மாரியம்மன் கோயில்களில் கண்மலர் சாத்துவார்கள். வெள்ளித் தகட்டில் இரண்டு கண்கள், நடுவே வட்டமாகப் பாவை. நம் பாவை வெயிலில் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும், இருட்டில் 7 மில்லிமீட்டர் வரைக்கும் விரியும். கேமரா லென்ஸில் அந்த வேலையைச் செய்வது அப்பர்ச்சர். என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், முதலில் அப்பர்ச்சர் எவ்வளவு திறக்கும் என்று பாருங்கள் என்பேன். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சிவகாசிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சரக்கும் அதில் வருகிறது.

1839இல் தாகேரின் முறை வெளியானபோது, அதற்கான லென்ஸின் துளை இன்றைய கணக்கில் எஃப் 15 அளவுதான். இந்த எண் சிறுக்கச் சிறுக்கத் துளை பெரிதாகும். அந்த லென்ஸின்முன் ஒரு ஆள் பல நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். 1840இல் வியன்னாவின் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால், எஃப் 3.6 அளவுக்குத் திறக்கும் லென்ஸை வடிவமைத்தார். கணக்குப் போட ராணுவத்தின் பீரங்கிப் படையிலிருந்து ஆட்களை இரவல் கொடுத்தார்கள். குண்டு எங்கே விழும் என்று கணக்கிட்டவர்கள் ஒளி எங்கே விழும் என்று கணக்கிட்டார்கள். உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ 17 மடங்கு கூடியது. மனித முகம் புகைப்படத்துக்குள் சுலபமாக வந்தது.

ஆனால் பகலில்தான். இரவுக்கு வேறு வழி தேடினார்கள். 1887இல் அடால்ஃப் மீத்தேயும் யோஹான்னஸ் கேடிக்கேயும் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து ஃப்ளாஷ் பவுடர் செய்தார்கள். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் மருந்து. நியூயார்க்கின் ஏழைகள் குடியிருப்புகளை ஜேக்கப் ரீஸ் இதை வெடித்துத்தான் படமெடுத்தார். அந்தப் படங்கள் சட்டங்கள் மாற உதவின. ஆனால் படத்தில் இருப்பவர்களின் கண்களைப் பாருங்கள், தூக்கத்தில் மிரண்ட கண்கள். இருட்டில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை அந்த வெளிச்சமே அழித்துவிட்டது.

1924இல் ஜெர்மனியின் எர்னெமான் நிறுவனம் எர்மனாக்ஸ் கேமராவைக் கொண்டுவந்தது. லுட்விக் பெர்ட்டெலே வடிவமைத்த அதன் லென்ஸ் எஃப் 2. சீக்கிரமே அது எஃப் 1.8 ஆனது. எரிக் சாலமன் அதைத் தொப்பிக்குள் மறைத்து நீதிமன்றத்துக்குள் கொண்டுபோனார். மாநாட்டு மண்டபங்களில் சோர்ந்துபோன மந்திரிகளை, இருக்கிற விளக்கொளியிலேயே எடுத்தார். வெடியும் புகையும் இல்லை. யாரும் அவருக்காக முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. யூதரான அவரை நாஜிகள் 1944இல் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். படங்கள் நிற்கின்றன.

இந்தக் கதையை இருக்கன்குடியில் வைத்துப் பார்க்கிறேன். சாத்தூர் பக்கம், அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவே இருக்கிற ஊர். ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஜனம் திரளும். இரவில் அக்கினிச்சட்டி ஏந்தி வருகிற ஒரு அம்மாவின் முகத்தில் இருப்பது கீழிருந்து வரும் நெருப்பின் வெளிச்சம் மட்டும்தான். ஃப்ளாஷ் அடித்தால் அது செத்துப்போகும். மிச்சம் இருப்பது ஆதார் கார்டு முகம்.

"கிட் லென்ஸ் போதாதாண்ணே? ஐஎஸ்ஓவை ஏத்திக்கலாமே?" என்று கேட்டான் சாத்தூர் தம்பி ஒருவன்.

ஏற்றலாம்டா. ஆனால் ஐஎஸ்ஓ புதிதாக ஒளியைக் கொண்டுவராது, வந்ததைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். கிட் லென்ஸை ஜூம் செய்தால் பெரும்பாலும் எஃப் 5.6. அதைவிட எஃப் 1.8 ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை விடும். பத்தில் ஒரு வினாடி தேவைப்பட்ட இடத்தில் நூற்றில் ஒரு வினாடி போதும். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் நம் கை நடுக்கம் நிற்கும், சட்டியோடு நடக்கிறவரின் கால் நிற்காது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. முழு ஃப்ரேம் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8இல் வைத்து 2 மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழுவது ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் ஆழம்தான். பின்னால் இருக்கிற கூட்டமும் ஆற்று மணலும் ரங்கராட்டினமும் அழகான ஒளிவட்டங்களாகக் கரையும். இன்ஸ்டாவில் லைக் குவியும். ஆனால் அந்தப் படம் எந்த ஊரிலும் எடுத்ததாக இருக்கலாம். இரவைக் காப்பாற்றப் போய் ஊரைத் தொலைக்கிறோம். திருவிழா என்பதே அந்தக் கூட்டம்தானே?

அதனால் அவனுக்கு நான் சொன்னது: அப்பர்ச்சரை ஒளிக்காக வாங்கு, மங்கலுக்காக வாங்காதே. அதே எஃப் 1.8இல் 28 மில்லிமீட்டர் லென்ஸை எடு, 4 மீட்டர் தள்ளி நில். இரண்டு மீட்டருக்கு மேல் தெளிவாக விழும். சட்டி ஏந்தியவரோடு, பக்கத்தில் வேப்பிலையோடு வருகிற மகளும் வழிவிடுகிற பெரியவரும் படத்துக்குள் வருவார்கள். நீ அங்கே நிற்பதே அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் ஆத்தாவைப் பார்க்க வந்திருக்கிறார், உன்னைப் பார்க்க இல்லை.