ஆய்வுக்கூடத்திலிருந்து ஸ்டார்ட்அப் வரை: பெங்களூருவும் இந்திய ராணுவத்தின் செயற்கை நுண்ணறிவும்

இந்திய ராணுவத்துக்கான செயற்கை நுண்ணறிவு ஆய்வு தனி நிறுவனமாக உருப்பெற்றது 1986 அக்டோபரில், பெங்களூருவில். பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் (டி.ஆர்.டி.ஓ.) அப்போது தொடங்கிய செயற்கை நுண்ணறிவு மற்றும் ரோபாட்டிக்ஸ் மையத்தைத் துறைக்குள் ‘கேர்’ என்றே அழைக்கிறார்கள். பெரும்பாலான அரசு அலுவலகங்கள் கணினியைக் கண்ணால் கண்டிராத காலம் அது. ஆனாலும் அது அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல. ஜப்பான் 1982-ல் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு முகமையான தார்பா 1983-ல் தன் பெருந்திட்டத்தை அறிவித்து, அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ நூறு கோடி டாலரைச் செலவிட்டது. தானே ஓடும் தரை வாகனம், போர் விமானிக்குத் துணைநிற்கும் கணினி, போர்க்கள முடிவுகளுக்கு உதவும் மென்பொருள் ஆகிய மூன்றும் அதன் இலக்குகள். இந்தியாவிலும் அதே 1986-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு அறிவுசார் கணினி அமைப்புகளுக்கான குடிமைத் திட்டம் ஒன்று தொடங்கி, பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்துக்கும் சென்னை ஐ.ஐ.டி.க்கும் பணிகள் பிரித்துத் தரப்பட்டன.

கேர் டெல்லியிலோ புனேயிலோ அமையாமல் பெங்களூருவில் அமைந்ததற்கு நகரத்தின் பழைய வரலாறே காரணம். 1809-ல் பிரிட்டிஷார் இங்கே கண்டோன்மென்ட் அமைத்தார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையம் இன்றும் அல்சூர் ஏரியை ஒட்டி இருக்கிறது. வால்சந்த் ஹிராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் பங்கேற்போடு 1940 டிசம்பரில் தொடங்கிய இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், பின்னாளில் எச்.ஏ.எல். ஆனது. 1942-ல் இந்திய அறிவியல் கழகத்தில் வானூர்திப் பொறியியல் துறை வந்தது. 1954-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பி.இ.எல்.) ஜாலஹள்ளியில் நிறுவப்பட்டது. 1959-ல் வானூர்தி மேம்பாட்டு நிறுவனமான ஏ.டி.இ. வந்தது. இளம் பொறியாளராக இருந்த அப்துல் கலாம் ‘நந்தி’ என்ற ஹோவர்கிராஃப்டை உருவாக்கியது இந்த ஏ.டி.இ.யில்தான். விமானம், ரேடார், மின்னணுவியல் மூன்றும் ஒரே ஊரில், ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருந்தன. கணக்கும் கணினியும் தெரிந்த இளைஞர்களை அறிவியல் கழகம் ஆண்டுதோறும் உருவாக்கித் தந்தது.

தனியார் கணினித் தொழிலும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் இங்கே வேரூன்றியது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-ல் பெங்களூருவில் வடிவமைப்பு மையம் திறந்தது; கேர் அடுத்த ஆண்டு. இன்று சி. வி. ராமன் நகரில் டி.ஆர்.டி.ஓ. வளாகத்துக்கும் பாக்மனே டெக் பார்க்குக்கும் இடையே நடந்தே போய்விடலாம். ஒரு பக்கம் அடையாள அட்டையும் துப்பாக்கி ஏந்திய காவலும். மறுபக்கம் பன்னாட்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள். இவ்வளவு அருகில் இருந்தும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இரு தரப்புக்கும் இடையே ஆட்கள் போய்வந்தார்களே தவிர, ஒப்பந்தங்கள் அதிகம் நடக்கவில்லை. கேரின் முதல் இயக்குநரான எம். வித்யாசாகரின் பணிவாழ்க்கையிலேயே இதைக் காணலாம். கட்டுப்பாட்டுக் கோட்பாட்டில் உலக அளவில் அறியப்பட்ட அவர் 1989-ல் வெளிநாட்டிலிருந்து திரும்பிப் பொறுப்பேற்றார், 2000-ல் டி.சி.எஸ். நிறுவனத்துக்குச் சென்றார். அரசின் ஆய்வுக்கூடத்தில் பழுத்த அறிவு தனியார் துறைக்குப் போவதுதான் அன்றைய இயல்பான போக்கு.

அந்தக் காலகட்டத்தில் பெங்களூரு செய்த மிகக் கடினமான ராணுவ மென்பொருள் வேலை, தேஜஸ் இலகுரகப் போர் விமானத்தின் கட்டுப்பாட்டு விதிகளை எழுதியது. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இன்றைய செயற்கை நுண்ணறிவை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. சட்டென்று திரும்பும் ஆற்றலுக்காக தேஜஸ் வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்கப்பட்டது. விமானி கையால் மட்டும் அதை நேராகப் பிடித்து நிறுத்த முடியாது. ஒவ்வொரு நொடியும் பலமுறை கணினி குறுக்கிட்டு இறக்கையின் கட்டுப்பாட்டுப் பரப்புகளைத் திருத்த வேண்டும். கணினி ஒரு நொடி தவறினாலும் விமானம் போய்விடும் என்பதால் ஒரே கணக்கை நான்கு தடங்கள் தனித்தனியே போடுகின்றன. ஒன்று மற்றவற்றிலிருந்து மாறுபட்டால் அதன் விடை ஒதுக்கப்படுகிறது. இதற்கான கட்டுப்பாட்டு விதிகளை உருவாக்க 1992-ல் தேசிய வான்வெளி ஆய்வகங்களின் (என்.ஏ.எல்.) விஞ்ஞானிகளை மையமாகக் கொண்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. விதிகளைச் சோதித்துப் பார்க்கும் உயர்தர ஒப்புருவாக்கிகள் அப்போது நாட்டில் இல்லாததால் லாக்ஹீட் மார்ட்டின் உள்ளிட்ட வெளிநாட்டு நிறுவனங்களின் உதவி பெறப்பட்டது.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அமெரிக்கா தடை விதித்தது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த இந்தியக் குழு திருப்பி அனுப்பப்பட்டது; கருவிகள் அங்கேயே தங்கிவிட்டன. மீதி வேலை முழுவதும் பெங்களூருவில் நடந்தது. விமானத்தின் அசல் ஹைட்ராலிக் குழாய்கள், இயக்கிகள், மின்கம்பிகள், கணினிகள் அனைத்தையும் இரும்புச் சட்டத்தில் பொருத்தி, பறக்காத ஒரு விமானத்தையே கட்டினார்கள். ‘அயர்ன் பேர்ட்’ எனப்படும் அதில் ஒவ்வொரு பழுதையும் வேண்டுமென்றே உண்டாக்கி, மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் முதல் மாதிரி விமானத்தை எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து ஓட்டிப் பத்திரமாகத் தரையிறக்கினார். மென்பொருளை நம்பி உயிரை ஒப்படைக்கலாம் என்று சொல்ல எத்தனை ஆண்டு உழைப்பு வேண்டும் என்பதை இந்த நகரம் அனுபவத்தில் அறிந்தது.

2000 நவம்பரில் கேரின் வடிவம் மாறியது. ரேடார் ஆய்வகமான எல்.ஆர்.டி.இ.யில் இருந்த கட்டளை அமைப்புகள், தகவல் தொடர்பு வலைப்பின்னல், தகவல் பாதுகாப்பு ஆகிய குழுக்கள் அதனுடன் இணைக்கப்பட்டன. அதன்பின் ரோபாட்டைவிடத் தகவல்தான் அதன் முதன்மை வேலையானது. இணையப் போக்குவரத்தை அலசும் ‘நேத்ரா’ என்ற மென்பொருளை கேர் உருவாக்குவதாக 2010-களின் முற்பகுதியில் செய்திகள் வந்தபோது, ராணுவ ஆய்வகத்தின் கருவி குடிமக்களின் அந்தரங்கத்தைத் தொடலாமா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்கு உரிய கவனத்தோடு பொதுவெளியில் விவாதம் நடக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. இதே காலத்தில் ஏ.டி.இ. லக்ஷ்யா, நிஷாந்த் என ஆளில்லா விமானங்களைத் தொடர்ந்து உருவாக்கியது. விமானி இல்லாமல் தானே மேலெழுந்து, பறந்து, தானே தரையிறங்கிய அதன் சோதனை விமானம் 2022 ஜூலை 1 அன்று சித்ரதுர்கா சோதனைத் தளத்தில் முதன்முறையாகப் பறந்தது.

அறிவு பாய்ந்த திசை 2018-ல் தலைகீழானது. தேசப் பாதுகாப்பில் செயற்கை நுண்ணறிவு குறித்து ஆராய அந்த ஆண்டு பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ராணுவத் தளபதியோ ஆய்வக விஞ்ஞானியோ அல்லர்; டாடா சன்ஸ் தலைவர் என். சந்திரசேகரன். நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்து, டி.சி.எஸ்.ஸில் பணிவாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். குழு ஜூன் மாதத்தில் பரிந்துரைகளை அளித்தது. அதன்படி 2019-ல் பாதுகாப்பு அமைச்சர் தலைமையில் ஒரு மன்றமும், திட்டங்களைச் செயல்படுத்தும் முகமையும் உருவாயின. முகமைக்கு ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்குவது என்று முடிவானது. அமெரிக்காவும் சீனாவும் இத்துறையில் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை.

பணத்தைவிட வாசல் திறந்ததே பெரிய விஷயம். சென்னைக்கு அருகே திருவிடந்தையில் 2018 ஏப்ரலில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில் ‘ஐடெக்ஸ்’ திட்டம் தொடங்கப்பட்டது. முப்படைகளும் தங்கள் தேவையைச் சவாலாக அறிவிக்கும். சிறு நிறுவனங்கள் தீர்வோடு வரும். வெல்பவருக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மானியம். பின்னர் வந்த உட்பிரிவுகளில் இந்த உச்சவரம்பு 10 கோடிக்கும், 2024-ல் ‘அதிதி’ திட்டத்தில் 25 கோடிக்கும் உயர்ந்தது. பாதுகாப்பு ஆய்வு நிதியில் 25 சதவீதத்தைத் தொழில்துறைக்கும் ஸ்டார்ட்அப்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் ஒதுக்குவதாக 2022-23 பட்ஜெட் அறிவித்தது. டி.ஆர்.டி.ஓ.வும் தன்னை இளமையாக்கிக்கொள்ள முயன்றது. 35 வயதுக்கு மேற்படாதவர்களே பணியாற்றும் ஐந்து இளம் விஞ்ஞானிகள் ஆய்வகங்களைப் பிரதமர் மோடி 2020 ஜனவரி 2 அன்று பெங்களூருவில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். செயற்கை நுண்ணறிவுக்கான ஆய்வகம் பெங்களூருவுக்கே வந்தது.

வாசல் திறந்ததும் நுழைந்தவர்களில் முன்னணியில் இருப்பது நியூஸ்பேஸ் ரிசர்ச். விமானப்படையின் முன்னாள் போர் விமானி சமீர் ஜோஷி பெங்களூருவில் தொடங்கிய நிறுவனம் இது. இதன் துறை கூட்டமாகப் பறக்கும் டிரோன்கள். ஒவ்வொரு டிரோனுக்கும் தரையில் ஒருவர் ரிமோட்டோடு நிற்பதில்லை. டிரோன்கள் தமக்குள் செய்தி பரிமாறி, இடைவெளி காத்து, இலக்குகளைப் பகிர்ந்துகொள்கின்றன; ஒன்று விழுந்தால் மற்றவை அதன் வேலையை எடுத்துக்கொள்கின்றன. 2021 ஜனவரி 15 ராணுவ தினத்தன்று டெல்லியில் 75 டிரோன்கள் இப்படிப் பறந்து காட்டின. தொடர்ந்து ராணுவத்தின் கொள்முதல் ஆணை இந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. அதே ஆண்டு எலகங்கா விமானப்படைத் தளத்தில் நடந்த ஏரோ இந்தியா கண்காட்சியில், போர் விமானத்தோடு துணையாகப் பறக்கும் ஆளில்லா விமானத்தின் மாதிரியை எச்.ஏ.எல். வைத்தது. அந்தப் பெருந்திட்டத்தின் ஒரு பகுதியில் அதற்குக் கூட்டாளி இந்தச் சிறு நிறுவனம். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு எச்.ஏ.எல். நகரத்துக்கே தொழில் கற்பித்தது. இன்று நகரத்திலிருந்து கற்கிறது.

2025 மே மாதத்தில் நடந்த ஆபரேஷன் சிந்தூர் இந்த மாற்றத்தைப் போர்முனையில் சோதித்தது. வான்வெளியில் நுழையும் பொருள்களை அடையாளம் கண்டு, எந்தப் பீரங்கி அல்லது ஏவுகணை அதைச் சுட வேண்டும் என்று ஒதுக்க உதவிய ‘ஆகாஷ்தீர்’ அமைப்பு பி.இ.எல். உருவாக்கியது; அதற்கான ஒப்பந்தம் 2023 மார்ச்சில் ஏறத்தாழ 1,982 கோடி ரூபாய்க்குக் கையெழுத்தானது. தரையிலும் வானிலும் இருக்கும் உணர்விகளின் தகவல்களை ஒரே திரையில் சேர்த்துக் காட்டும் ‘சஞ்சய்’ அமைப்பும், 2,402 கோடி ரூபாயில், அதே நிறுவனம் ராணுவத்தோடு சேர்ந்து உருவாக்கியதே. இலக்கைத் தேடி வட்டமிட்டுப் பின் அதன்மேல் மோதி வெடிக்கும் ‘ஸ்கைஸ்ட்ரைக்கர்’ டிரோன்களை, இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத்தோடு இணைந்து பெங்களூருவின் ஆல்ஃபா டிசைன் தயாரிக்கிறது. அவையும் பயன்பட்டதாகச் செய்திகள் வந்தன.

ஆனால் அடித்தளத்தில் பழைய பலவீனம் அப்படியே இருக்கிறது. டிரோனின் உள்ளே படத்தை அலசும் சிப்பும், மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் சர்வரில் உள்ள சிப்பும் பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்கள் வடிவமைத்தவை. 2025 ஜனவரியில் அமெரிக்கா அறிவித்த ஏற்றுமதி விதியில் இந்தியா தங்குதடையின்றி உயர்திறன் சிப் வாங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இல்லை. மே மாதம் அந்த விதி திரும்பப் பெறப்பட்டது. விதி போய்விட்டது என்பதைவிட, அப்படி ஒரு விதியை ஒரே நாளில் போட முடியும் என்பதே கவனிக்க வேண்டியது. 1998-ல் கருவிகளை இழந்த நகரத்துக்கு இது புதிய பாடம் அல்ல. தரவும் இன்னொரு தடை. லடாக் பனியிலும் ராஜஸ்தான் மணலிலும் எடுத்த வெப்பப் படங்கள் ராணுவத்திடம்தான் உள்ளன. அவை இல்லாமல் எந்த ஸ்டார்ட்அப்பின் மாதிரியும் எல்லையில் மனிதனையும் ஆட்டையும் பிரித்தறியாது.

பொறுப்பு யாருடையது என்பதே எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. தேஜஸின் கட்டுப்பாட்டு விதி மனிதர் எழுதிய கணக்கு. தவறு நேர்ந்தால் எந்த வரியில் என்று காட்டலாம். தரவிலிருந்து தானே கற்ற மாதிரியில் அப்படிக் கைவைத்துக் காட்டும் வரி கிடையாது. கூகுள் ஊழியர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2018-ல் அமெரிக்க ராணுவத்தின் ‘மேவன்’ செயற்கை நுண்ணறிவுத் திட்டத்துக்கு எதிராகக் கையெழுத்திட்டதன் அடியில் இந்த அச்சமும் இருந்தது. நிறுவனம் அன்று ஒதுங்கியது. ஆயுதங்களுக்கு உதவுவதில்லை என்று அப்போது தந்த உறுதிமொழியை 2025 பிப்ரவரியில் கைவிட்டது. நிறுவனங்களின் சுயகட்டுப்பாடு நிலைத்து நிற்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தியாவின் நிலைப்பாடு இரு முகமாக இருக்கிறது. ஜெனீவாவில் தானியங்கி ஆயுதங்கள் குறித்த அரசு நிபுணர் குழுவுக்கு 2017-லும் 2018-லும் தலைமை தாங்கியவர் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில். ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவுக்கான பொறுப்பு மனிதரிடமே இருக்க வேண்டும், அதை இயந்திரத்துக்கு மாற்ற முடியாது என்பது அந்தக் குழு 2019-ல் ஏற்ற பதினோரு கொள்கைகளுள் ஒன்று. ஆனால் 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இதே பொருள் குறித்த தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தபோது, எதிர்த்து வாக்களித்த நான்கில் இந்தியாவும் ஒன்று. ஜெனீவாதான் பேச வேண்டிய இடம், இன்னொரு மேடை தேவையில்லை என்பது டெல்லி தந்த விளக்கம்.

உள்நாட்டில், 2024 அக்டோபர் 17 அன்று முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் நம்பகமான செயற்கை நுண்ணறிவை மதிப்பிடும் நெறிமுறைகளை வெளியிட்டார். நம்பகத்தன்மை, பாதுகாப்பு, வெளிப்படைத்தன்மை, நேர்மை, அந்தரங்கம் ஆகிய ஐந்தும் அதன் அடிப்படைகள். இவை நெறிமுறைகளே தவிர நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. தேஜஸுக்கு ‘அயர்ன் பேர்ட்’ இருந்ததுபோல், கற்கும் மென்பொருளைப் படைக்குத் தருமுன் வேண்டுமென்றே தடுமாற வைத்துப் பார்க்கும் பொதுச் சோதனைக் கூடங்கள் இந்த நெறிமுறைகளுக்கு வேண்டும். அதற்கான அனுபவம் படைத்த பொறியாளர்கள் நாட்டில் வேறெங்கையும்விட அதிகமாக இருப்பது ஜாலஹள்ளிக்கும் சி. வி. ராமன் நகருக்கும் இடைப்பட்ட இந்த நகரத்தில்தான்.